உதடும் குரலும்: பாடல் காட்சியில் ஒலியை மாற்றியவர்களின் வரலாறு

1950களின் இந்தித் திரைப்பாடல் ஒன்றை இணையத்தில் காணும் மாணவர், திரையில் தெரியும் படத்துக்கும் காதில் விழும் ஒலிக்கும் வயது ஒன்றே என்று கொள்கிறார். ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலும் அந்த நம்பிக்கையே தொடர்கிறது: படத்தின் பெயர், ஆண்டு, இணைய முகவரி, அத்துடன் குறிப்பு முடிந்துவிடும். படம் அக்காலத்துப் படச்சுருளிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். ஒலியோ பிற்காலத்து இசைத்தட்டிலிருந்தோ, தாளம் கூட்டிய ஒலிநாடாவிலிருந்தோ, கணினியில் துப்புரவு செய்த கோப்பிலிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கக்கூடும். ஒட்டியவர் யார், எப்போது ஒட்டினார், எதை நீக்கினார் என்ற விவரம் அங்கே இராது.

இந்த ஒட்டுவேலையை வெளிப்படையாகச் செய்து, அதையே ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தவர்கள் வீடியோ டிஜேக்கள். இசைத்தட்டைச் சுழற்றுபவர் பாட்டோடு பாட்டைக் கலப்பது போல, பாடல் காட்சிகளைப் படமும் ஒலியுமாகக் கலந்து அரங்கில் திரையிடுவது இவர்கள் பணி. காட்சியோடு வந்த ஒலியை நீக்கி, வேறொரு ஒலியை அதனிடத்தில் பொருத்துவது அப்பணியின் அன்றாடப் பகுதி. இதனை மூலத்தின் சிதைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் இந்தியத் திரைப்பாடலின் வரலாற்றில் படமும் ஒலியும் சேர்ந்தே இருந்த ஒரு மூலம் எங்கே இருக்கிறது என்று தேடினால், அத்தீர்ப்பு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

பிரிந்து பிறந்தவை

பேசும்படத்தின் தொடக்கமே இரண்டு பொருள்களின் இணைப்புதான். 1927ஆம் ஆண்டின் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் பயன்பட்ட வைட்டாஃபோன் முறையில் படம் சுருளில் இருந்தது. ஒலி தனியே 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே இயக்கியில் இணைத்து ஓட்டினர். சுருள் அறுந்து ஒட்டப்பட்டாலோ, தட்டில் ஊசி தாவினாலோ உதடும் குரலும் விலகிவிடும். ஒலி படச்சுருளின் ஓரத்திலேயே ஒளித்தடமாகப் பதியத் தொடங்கிய பின்னரே இந்த இடர் நீங்கியது.

இந்தியாவில் 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியான ‘ஆலம் ஆரா’வின் பாடல்கள், நடிகர் பாடப் பாட அங்கேயே பதிவானவை. இசைக்கலைஞர்கள் படக்கருவியின் பார்வையில் படாமல் மறைந்திருந்து வாசித்தனர். அருகிலிருந்த ரயில் பாதையின் இரைச்சலைத் தவிர்க்க இரவில் படப்பிடிப்பு நடந்தது. படமும் ஒலியும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் பிறந்த காலம் அது. அந்தக் காலம் நீடித்தது சில ஆண்டுகளே.

1935ல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம், நிதின் போஸ் இயக்கத்தில், ஆர். சி. போரால் இசையில், வங்காளியில் ‘பாக்ய சக்ரா’ என்றும் இந்தியில் ‘தூப் சாவோன்’ என்றும் எடுத்த படத்தில் பாடல் முன்னரே பதிவு செய்யப்பட்டது. நடிகர்கள் அதற்கு உதடசைத்தனர். பின்னணிப் பாடலின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இதனையே. தமிழில் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ 1938ல் இம்முறையைக் கையாண்டது. அவரே தயாரித்த கன்னட ‘சத்ய ஹரிச்சந்திரா’ 1944ல் தமிழ்க் குரல்களுடன் ‘ஹரிச்சந்திரா’ ஆகி வெளிவந்தது. இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று பரவலாகக் குறிக்கப்படுவது இதுவே. படத்தை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றுவது டிஜேக்களுக்கு அரை நூற்றாண்டு முன்னரே படநிலையங்களின் வழக்கமாகிவிட்டிருந்தது என்பது இதிலிருந்து தெரியவரும்.

பின்னணிப் பாடல் நிலைபெற்றபின் வரிசை தலைகீழானது. ஒலி முதலில் பிறந்தது. படம் அதற்குப் பின்னர் எடுக்கப்பட்டது. படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, நடிகர் அதற்கேற்ப நடித்தார். தளத்தில் எழுந்த உண்மையான ஒலி எதுவும் படத்தில் இடம்பெறவில்லை. ‘மூலப்’ படமே வேறிடத்து ஒலியை ஏற்ற படம்தான். ‘மஹல்’ (1949) படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடகியின் பெயராக லதா மங்கேஷ்கர் அச்சிடப்படவில்லை. கதைமாந்தரின் பெயரான காமினி என்பதே இருந்தது. குரலுக்கு உடையவர் யார் என்று வானொலி நேயர்கள் கேட்டுக் கேட்டே அப்பெயர் வெளிவந்தது. இணைப்பு எவ்வளவு இறுக்கமாகத் தோன்றியதோ, அவ்வளவுக்கு இணைக்கப்பட்டவரின் பெயர் மறைந்திருந்தது.

பிரெஞ்சு ஒலிக்கோட்பாட்டாளர் மிஷேல் ஷியோன் இத்தகைய இணைப்பின் உளவியலை விளக்கியுள்ளார். ஒரு காட்சியின் ஒலியை நீக்கிவிட்டு, அதற்குத் தொடர்பே இல்லாத பல இசைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை அவர் ‘கட்டாயத் திருமணம்’ என்று அழைத்தார். எந்த இசையை ஓட்டினாலும் சில அசைவுகள் அதனோடு பொருந்தியே தோன்றும். ஒரே கணத்தில் நிகழும் காட்சியையும் ஒலியையும் மனம் தானாகவே பற்றவைத்துவிடுகிறது. பின்னணிப் பாடலும், மொழிமாற்றமும், டிஜேயின் ஒலிமாற்றமும் இந்த ஒரே இயல்பின்மேல் நிற்பவை.

ஒரே பாட்டு, பல உடல்கள்

திரைப்பாடல் ஒருபோதும் ஒரே வடிவில் உலவியதில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடங்களே அடங்கும். படத்தில் பாட்டு நீண்டிருந்தால் தட்டில் ஒரு சரணம் குறையும். அல்லது பாட்டு இரு பக்கங்களாகப் பிளக்கப்படும். படத்தில் மட்டுமே உள்ள சரணங்களை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதனால்தான். படச்சுருளின் ஒளித்தடம் ஒற்றை ஒலித்தடம். உயர் அதிர்வெண்கள் அதில் மழுங்கிவிடும். ஆயினும் சலங்கை, சிரிப்பு, காலடி, இடைப்பட்ட வசனம் ஆகியவை பாட்டோடு கலந்து அதில்தான் இருந்தன. நெடுந்தட்டு வந்தபோது ஒலி தெளிந்தது. அந்தச் சலங்கையும் சிரிப்பும் போயின.

தொலைக்காட்சி இன்னொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. இந்தியத் தொலைக்காட்சி ஏற்ற முறை நொடிக்கு 25 சட்டங்களுக்குரியது. அதற்கு மாற்றும் வழக்கமான வழி, படத்தைச் சற்று விரைவாக ஓட்டிவிடுவதே. அவ்வாறு ஓடிய 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 50 நொடிகளில் முடியும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள தாளம் 125 ஆகும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு உயரும். ‘சித்ரஹார்’ போன்ற நிகழ்ச்சிகளின் வழியே பாடல் காட்சிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்குச் சின்னத்திரையின் பாட்டும் வானொலியின் பாட்டும் ஒரே சுருதியில் இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாடகியின் குரலுயரம் பற்றித் தொலைக்காட்சிப் பதிவைக்கொண்டு எழுதப்படும் எந்தக் கூற்றும் இந்த 25க்கு 24 என்ற விகிதத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஒலிநாடாப் பெருக்கத்தோடு மூன்றாவது மாற்றம் வந்தது. பீட்டர் மானுவல் ‘கேசட் கல்ச்சர்’ (1993) நூலில் விரிவாக ஆராய்ந்த அந்தக் காலத்தின் தொடர்ச்சியாக, பழைய பாடல்களின் மேல் மின்னணுத் தாளத்தை ஏற்றிய ‘ஜங்கார்’ நாடாக்கள் வட இந்தியக் கடைகளிலும் பேருந்துகளிலும் பரவின. மூலப்பதிவின் தபேலாவும் டோலக்கும் அதில் அடங்கிப்போயின. இன்று இணையத்தில் பழைய படக்காட்சியின்மேல் ஜங்கார் ஒலி பொருத்தப்பட்ட பதிவுகள் ஏராளம். 1960களின் கறுப்புவெள்ளைக் காட்சியில் கேட்கும் மின்னணு முழவு, முப்பது ஆண்டுகள் பின்னர் பிறந்தது.

டிஜேயின் மேசை

வீடியோ டிஜே என்ற தொழில் உருவானது இந்தியாவில் அன்று. அமெரிக்க இரவு விடுதிகளில். 1980ல் நியூயார்க்கின் ஹுர்ரா விடுதியில் மெரில் ஆல்டிகியரி, இசைத்தட்டு ஓடும்போதே அதற்கேற்பப் படங்களைக் கலந்து திரையிட்டார். 1981 ஆகஸ்டு 1 அன்று எம்டிவி தொடங்கியபின் பாடல் காணொளி ஒரு தனி வணிகப் பொருளாயிற்று. விடுதிகளுக்குச் சிக்கல் அங்கே எழுந்தது. காணொளி வானொலிக்குரிய குறும்பதிப்பின்மேல் எடுக்கப்பட்டிருக்கும். ஆடுகளத்துக்கு வேண்டியதோ 12 அங்குலத் தட்டில் வரும் நெடும்பதிப்பு: தொடக்கத்தில் தாளம் மட்டும் ஒலிக்கும் 16 அல்லது 32 தட்டுகள், இடையில் நீண்ட வாத்தியப் பகுதி. காணொளிகளிலோ தொடக்கத்தில் வசனமும் நடுவில் நாடகமும் வந்து ஆட்டத்தை அறுத்தன. நாடாவின் ஒலித்தரமும் தட்டுக்கு ஈடாகவில்லை. படத்தை வைத்துக்கொண்டு ஒலியை மாற்றும் தேவை இவ்வாறு பிறந்தது.

நெடுங்காலம் இது நாடா வெட்டும் கூடங்களின் வேலையாகவே இருந்தது. கணினித் தொகுப்பு மலிவானபோது டிஜேயின் வீட்டு மேசைக்கு வந்தது. 2004ல் பயனியர் நிறுவனம் டிவிஜே-எக்ஸ்1 என்ற கருவியை வெளியிட்டது. டிவிடியின் படத்தையும் ஒலியையும் இசைத்தட்டைப் போலவே முன்னும் பின்னும் சுழற்றவும், வேகம் கூட்டிக் குறைக்கவும் அது இடமளித்தது. டிஜேக்கள் தாமே ஒலிமாற்றிய காட்சிகளை வட்டில் எழுதிக்கொண்டு அரங்குக்குச் சென்றனர். சில ஆண்டுகளில் மடிக்கணினி மென்பொருள்கள் அந்தக் கருவியின் இடத்தையும் பிடித்தன.

ஒலிமாற்றும் செய்முறை எளிமையாகத் தோன்றினும் நுண்ணிய செவித்திறன் வேண்டுவது. காட்சியோடு வந்த பழைய ஒலியை உடனே நீக்கிவிடுவதில்லை. அதுவே வழிகாட்டித் தடம். அதன்கீழ் புதிய ஒலியை இருத்தி, முதல் முழவடியின் அலைமுகடுகளை நேர்ப்படுத்தி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவர். இடைவெளி மிகுந்தால் எதிரொலி போல இரட்டித்துக் கேட்கும். இரண்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவையாயின், நெருங்க நெருங்கக் குழாய்க்குள் ஒலிப்பது போன்ற வெற்றுத்தொனி எழும். பொருத்தம் மில்லிநொடி அளவுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதன்பின் பழைய தடம் அடைக்கப்படும். தொடக்கம் பொருந்தியும் மூன்றாம் நிமிடத்தில் உதடு விலகினால் வேகம் வேறு என்று பொருள். 24, 25 சட்ட விகிதத்தை அங்கே சரிசெய்ய வேண்டும். நடுவில் திடீரென்று விலகினால் ஒரு பதிப்பில் வெட்டு இருக்கிறது என்று பொருள்.

மனிதப் புலன் இதில் எவ்வளவு பிழையைப் பொறுக்கும் என்பதற்கும் அளவு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லிநொடியிலேயே பார்வையாளர் உணர்ந்துவிடுகிறார். பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. தொலைவில் துணி துவைப்பவரின் கை ஓங்கிய பின்னரே ஓசை வந்துசேரும் உலகில் பழகிய செவி, பிந்தும் ஒலியை மன்னிக்கிறது. 25 சட்ட முறையில் ஒரு சட்டத்தின் நேரம் 40 மில்லிநொடி. டிஜேக்குக் கிடைக்கும் சலுகை ஏறக்குறைய ஒரு சட்டம்.

2002, 2004: இரண்டு நிகழ்வுகள்

1991ல் ஸ்டார் தொலைக்காட்சியின் வழியே எம்டிவி இந்திய வீடுகளுக்குள் வந்தது. 1994ல் சேனல் வி, 1996ல் எம்டிவி இந்தியா. இத்தடங்களின் இடைவிடாத காணொளித் தேவை இந்திய ரீமிக்ஸ் அலைக்கு ஊட்டமளித்தது. அதன் உச்சமாக நினைவுகூரப்படுவது 2002ன் ‘காண்டா லகா’. 1972ஆம் ஆண்டின் ‘சமாதி’ படத்துக்காக ஆர். டி. பர்மன் அமைத்த பாட்டு, புதிய குரலில், புதிய தாளத்தில், முற்றிலும் புதிய காட்சியோடு வந்தது. எழுந்த கண்டனத்தில் பெரும்பகுதி காட்சியின் உடை, அசைவு பற்றியது. பாட்டின் ஒலியுடல் மாற்றப்பட்டது பற்றிய விவாதம் அதன் நிழலில் தங்கிவிட்டது.

ஈராண்டு கழித்து, 2004 நவம்பர் 12 அன்று, ‘முகலே ஆஸம்’ (1960) வண்ணமூட்டப்பட்டு வெளிவந்தது. பழைய ஒற்றைத்தட ஒலி ஆறு தட டால்பி ஒலியாக மாற்றப்பட்டது. நௌஷாத்தும் உத்தம் சிங்கும் இசையைப் புதுப்பித்தனர்; பாடகர்களின் மூலக்குரல்கள் பேணப்பட்டன. இதனை நாடு மீட்டெடுப்பு என்று வரவேற்றது. மூல இசையமைப்பாளரே உடனிருந்ததால் அவ்வரவேற்புக்கு நியாயமும் உண்டு. எனினும் தொழில்நுட்ப அளவில் நிகழ்ந்தது, பழைய படத்தின்மேல் மாற்றிய ஒலியைப் பொருத்தியதே. உரிமை உடையவர் செய்தால் மீட்டெடுப்பு. டிஜே செய்தால் திருட்டு. செயலின் தன்மை இப்பெயர்களைத் தீர்மானிக்கவில்லை. செய்பவரின் இடமே தீர்மானித்தது.

சட்டம் போட்ட முடிச்சு

தொழில் பிரித்தே வைத்திருந்ததைச் சட்டம் ஒன்றாகக் கட்டியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, திரைப்படம் என்பது காட்சிப்பதிவோடு அதற்குத் துணையாக வரும் ஒலிப்பதிவையும் உள்ளடக்கியது என்கிறது. 1977ல் இந்திய இசை உரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், ஊதியம் பெற்றுப் படத்துக்காக அமைத்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு ஒன்றை இணைத்து, பாட்டுக்கு உயிர்தரும் பாடகருக்குச் சட்டத்தில் உரிமை ஏதும் இல்லாமையைச் சுட்டிக்காட்டினார். நிகழ்த்துகலைஞர் உரிமை சட்டத்தில் ஏற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரீமிக்ஸ் அலை 52(1)(ஜே) பிரிவின் துணையோடு எழுந்தது: மூலப்பதிவு வந்து ஈராண்டு கழிந்தபின், அறிவிப்பும் உரிமைத்தொகையும் தந்து மறுபதிவு செய்யலாம் என்றது அப்பிரிவு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கி 31சி பிரிவைக் கொணர்ந்து, காத்திருப்பை ஐந்தாண்டாக்கியது. தொழில்நுட்பத் தேவைக்கு மேற்பட்ட மாற்றத்தையும் தடுத்தது. அதே திருத்தத்தின் 38பி பிரிவு, தம் நிகழ்த்துகை சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்குத் தந்தது. கால அளவுக்குள் அடக்குவதற்காக ஒரு பகுதியை வெட்டுவது சிதைவாகாது என்றும் விளக்கியது. இவையெல்லாம் ஒலிப்பதிவு, படப்பதிவு, நிகழ்த்துகை என்ற தனித்தனிப் பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. ஒருவரின் படத்தையும் இன்னொருவரின் ஒலியையும் சேர்க்கும் அந்த ஒட்டுவேலைக்கென்று தனிப்பெயரோ, அதைப் பதிந்துவைக்கும் கடமையோ இப்பிரிவுகளில் இல்லை.

இணையத் தளங்களோ அந்த ஒட்டுவேலையைப் பொறியிடமே ஒப்படைத்தன. 2000களின் பிற்பகுதியில், உரிமைக்கோரல் எழுந்த காணொளியின் ஒலியை அடைக்கவும், அதனிடத்தில் உரிமம் பெற்ற வேறு இசையைப் பொருத்தவும் யூடியூப் வசதி செய்தது. பார்வையாளருக்கு முன் நிற்பது அந்த மாற்றத்தின் விளைவு; மாற்றத்தின் சுவடு நிற்பதில்லை.

ஆய்வாளருக்கு எஞ்சுவது

1964ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்குமுன்பே எண்ணற்ற படங்கள் அழிந்துவிட்டன. ‘ஆலம் ஆரா’வின் படி எதுவும் கிடைத்திலது. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீயில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. எஞ்சிய காட்சிகளை மாணவர்கள் காண்பது இணையத்தில்தான். அங்கே ஒலி மாற்றப்பட்டிருந்தால், இழப்பு ரசனை சார்ந்தது மட்டுமன்று. திரைப்பட எழுத்தோட்டத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். வயலினும் தபேலாவும் வாசித்த பெரும்பாலோரின் பெயர் இராது. கிரெகரி பூத் ‘பிஹைண்ட் தி கர்ட்டன்’ (2008) நூலில் அக்கலைஞர்களின் வாய்மொழியைத் தொகுத்தே அவ்வரலாற்றை எழுதவேண்டியிருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே ஆவணம் அந்த ஒலித்தடம். அதன்மேல் வேறொன்றை ஏற்றிவிட்டு ஆண்டை மட்டும் 1955 என்று எழுதுவது, அந்த உழைப்பை இரண்டாம் முறை பெயரற்றதாக்குவதாகும்.

ஒலி மாற்றப்பட்டதைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் உண்டு. ஒற்றை ஒலித்தடத்தோடு வெளியான படத்தின் காட்சியில் இடமும் வலமும் பிரிந்த ஒலி கேட்டால் ஐயம் கொள்ளவேண்டும். பாட்டு தொடங்கியதும் அறையின் இரைச்சலும் சலங்கையும் சட்டென அறுந்தால் அங்கே ஒரு தையல் இருக்கிறது. சரணத்துக்குச் சரணம் உதடு விலகினால் வேகம் வேறு. திரையில் நடிகர் வாயசைக்க ஒலியில் வாத்தியம் மட்டும் கேட்டால், படத்தின் சரணத்தை இசைத்தட்டு இழந்திருக்கிறது. இத்தனையும் டிஜேயின் மேசையில் கற்ற பாடங்களே.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. டிஜேக்களிடையே உலவும் கோப்பின் பெயரைப் பார்த்தால் பாட்டின் தலைப்போடு பதிப்பு, தொடக்கத் தாளம் கூட்டப்பட்டதா என்ற குறிப்பு, நிமிடத் தட்டுகளின் எண்ணிக்கை, பல வேளைகளில் தொகுத்தவரின் பெயர் ஆகியவையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பிழையான பதிப்பை ஓட்டினால் ஆடுகளம் நின்றுவிடும் என்பதால் தோன்றிய ஒழுங்கு அது. இணையத்தில் வலம்வரும் பழைய பாடல் காட்சிகள் பலவற்றில் அந்த அளவு விவரம்கூட இல்லை. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் படத்தின் ஆண்டோடு ஒலியின் மூலமும் தனியே எழுதப்படுவது வழக்கமாகுமானால், ‘இந்தக் குரல் எந்தப் பதிவிலிருந்து வந்தது?’ என்ற கேள்வியை நெறியாளரும் தேர்வாளரும் கேட்கத் தொடங்குவர். பதில் தெரியாத இடத்தில் ‘ஒலி மூலம் அறியப்படவில்லை’ என்று எழுதுவதும் நேர்மையான ஒரு குறிப்பே.